டெல்லிக் குளிரில் குழாய் வெடிக்காது, கீசரைக் கவனியுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஜூலையில் தூத்துக்குடியிலிருந்து மயூர் விஹாருக்கு வந்திருக்கிறீர்கள். மூன்றாவது மாடியில் வாடகை வீடு, கைக்குழந்தை, மார்கழிக்கு அம்மாவும் வருகிறார். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும் என்று அலுவலகத்தில் யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார். வீட்டுக் குழாய் எல்லாவற்றுக்கும் ஃபோம் சுற்ற வேண்டுமா, கீசர் எவ்வளவு பெரிதாக வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த வீடியோ கனடாவுக்கோ லடாக்குக்கோ சரி. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி இறங்கி, மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். குழாய்க்குள் தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் அளவுக்கு விரியும். பனிக்கட்டிக்கும் மூடிய டேப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறிக் குழாய் பிளக்கும். அதனால்தான் டேப்பைச் சொட்ட விடுங்கள், குழாயைக் காலி செய்யுங்கள் என்கிறார்கள். டெல்லியில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த குளிரே மைனஸ் 0.6 டிகிரிதான், அதுவும் 1935 ஜனவரியில். 2021 புத்தாண்டு அன்று 1.1 வரை இறங்கி ஊரே நடுங்கியது. அதுவும் விடியற்காலை சில மணி நேரம்தான். ஓடுகிற குழாய் அதற்குள் உறையாது. டேப்பைச் சொட்ட விட்டால் தண்ணீர்தான் வீணாகும்.

ஃபோம் ஒரே இடத்தில் உபயோகம்: கீசரிலிருந்து வெந்நீர் வருகிற குழாய் சுவருக்கு வெளியே ஓடினால், அந்த நீளத்துக்கு மட்டும் கறுப்பு ரப்பர் குழலை மாட்டுங்கள். சூடு வழியிலேயே போகாது. அந்தக் குழாய் எதனால் ஆனது என்றும் பாருங்கள். வெந்நீருக்குச் சந்தனக் கலரில் வரும் சிபிவிசி வேண்டும். சாதாரண வெள்ளை பிவிசி சூட்டில் இளகிவிடும். பழைய வீடுகளில் மிஸ்திரி (குழாய் வேலைக்காரர்) கையில் இருந்ததைப் போட்டு ஒட்டியிருப்பார்.

மொட்டை மாடியிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் குழாய் வெடிக்காது, ஆனால் சுருங்கும். ஜூன் மாத வெயிலுக்கும் ஜனவரி விடியலுக்கும் நடுவில் பத்து மீட்டர் குழாய் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். அதை இணைப்புகள்தான் தாங்க வேண்டும். டிசம்பரில் எல்போ (குழாய் திரும்புகிற மூலை இணைப்பு) பக்கம் சுவரில் ஈரம் கண்டால் அதுதான் காரணம். வெளியே எம்-சீல் என்கிற ஒட்டுப் பசையை அப்பிவிட்டுப் போகிறவரை நம்பாதீர்கள், அந்தத் துண்டை வெட்டி மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது கீசர். மாடித் தொட்டியில் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீர் காலையில் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் இருக்கும். நம்மூரில் டிசம்பரிலும் இருபத்தைந்துக்கு மேல். அந்த வித்தியாசம் குளிக்கிற வெந்நீரின் அளவையே மாற்றிவிடும். 15 லிட்டரை 60 டிகிரிக்குக் காய்ச்சி இந்த ஜில் தண்ணீரோடு கலந்தால், குளிக்கிற சூட்டில் 25 லிட்டர்தான் தேறும். தூத்துக்குடியில் அதே கீசர் 40 லிட்டர் கொடுக்கும். 2 கிலோவாட் கீசருக்கு இங்கே காய 25 நிமிடம் பிடிக்கும், அங்கே பதினேழு பதினெட்டு நிமிடம் போதும். நான்கு பேருக்கு, அதுவும் மார்கழியில் விடியுமுன் குளிக்கிற அம்மா இருக்கிற வீட்டில், 15 லிட்டர் கீசர் சண்டையில்தான் முடியும். 25 லிட்டர் வாங்குங்கள். சமையலறைக்கு 3 லிட்டர் இன்ஸ்டன்ட் போதும், பாத்திரம் தேய்க்கிற கைக்கு அது பெரிய உபகாரம்.

வீட்டுக்காரர் ஏற்கெனவே மாட்டி வைத்திருந்தால், தீபாவளிக்கு முன்பே சர்வீஸ் செய்துவிடுங்கள். டிசம்பரில் கூப்பிட்டால் ஆள் வர ஒரு வாரம் இழுக்கும். உப்பு படிந்த காயிலைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும், தொட்டி துருப்பிடிக்காமல் தானே கரைந்துபோவதுதான் அதன் வேலை. அது மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். கண்ணில் காட்டச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் அதைத் திறப்பதே இல்லை. கீசருக்குக் கீழே சேஃப்டி வால்விலிருந்து காய்கிற நேரத்தில் நாலு சொட்டு விழும். சூட்டில் தண்ணீர் விரிகிறது, அதற்கு வழி அது. சொட்டுகிறதே என்று மூடி போட்டு அடைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். குழாய் வெடிக்குமோ என்று பயப்படுவதைவிட இதற்குப் பயப்படலாம்.

பிளக் 16 ஆம்பியர் சாக்கெட்டில் இருக்க வேண்டும், எர்த் வேலை செய்ய வேண்டும், மின்கசிவு வந்தால் உடனே கரண்டை வெட்டுகிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இருந்தால் நல்லது. எலக்ட்ரீஷியன் அரை மணியில் பார்த்துச் சொல்வார். கைக்குழந்தை இருப்பதால் இன்னொன்று: வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர்.

கேஸ் கீசர் மலிவு என்று யாராவது சொன்னால் குளியலறைக்குள் மட்டும் மாட்டாதீர்கள். குளிருக்குக் கதவு, ஜன்னல், எக்ஸாஸ்ட் எல்லாம் அடைத்திருக்கும். உள்ளே எரிகிற அடுப்பு ஆக்சிஜனைத் தின்று கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாசனை கிடையாது, மயக்கம் வருவது தெரிவதற்குள் கதவைத் திறக்கக் கை வராது. வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலமும் இப்படிச் சாவுச் செய்தி வருகிறது. அறைக்குள் அங்கீட்டியில் (இங்கே குளிர்காய வைக்கிற கரியடுப்பு) கரி போட்டுத் தூங்குவதும் இதே கதைதான். வாட்டர் ஹீட்டர் ராடும் வேண்டாம் என்பேன். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும் என்பது விடிகாலைத் தூக்கக் கலக்கத்தில் யாருக்கு நினைவிருக்கும்?

தண்ணீர் வருமா என்பதே அடுத்த கவலை. உங்கள் பக்கத்துக்குப் பெரும்பாலும் கங்கை நீர் சோனியா விஹார், பாகீரதி நிலையங்கள் வழியாக வருகிறது. தசரா சமயத்தில் ஹரித்வாரில் கால்வாயை மூடித் தூர்வாரி, தீபாவளி வாக்கில் திறப்பார்கள். அந்த வாரங்களில் சப்ளை மெலியும். அப்புறம் குளிர்காலத்தில் யமுனையில் அமோனியா ஏறினால் வஜீராபாத், சந்திராவல் நிலையங்கள் உற்பத்தியைக் குறைத்துவிடும், ஊரின் பல பகுதிகளில் தட்டுப்பாடு வரும். ஆகவே அக்டோபரிலேயே தொட்டியைக் கழுவி, மிதவை வால்வு ஒழுங்காக மூடுகிறதா என்று பாருங்கள். தொட்டி காலியானால் கீசரைப் போடாதீர்கள். வெந்நீர் டேப்பைத் திறந்து தண்ணீர் தாராளமாக வந்த பிறகுதான் சுவிட்ச்.

நம் வீடுகளுக்கென்றே வருகிற தொல்லை சிங்க் அடைப்பு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையும், நெய்யும் கட்டியாகும். அவியல் சட்டியையும் அப்பம் சுட்ட கல்லையும் ஜில் தண்ணீரில் கழுவினால், சிங்க் அடியில் வளைந்த குழாயில் வெள்ளையாக மெழுகுபோல் படிந்து, அதன்மேல் சாதப் பருக்கை ஒட்டி, ஒரு நாள் காலை தண்ணீர் மேலேயே நிற்கும். தேய்க்குமுன் பழைய செய்தித்தாளால் சட்டியை வழித்துவிடுங்கள். ராத்திரி ஒரு பாத்திரம் வெந்நீரைச் சிங்கில் கொட்டுங்கள். பிவிசி குழாய் என்றால் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். அடைப்புக்கு ஆசிட் ஊற்ற வரும் மிஸ்திரியைத் தடுத்துவிட்டு, வளைவைக் கழற்றச் சொல்லுங்கள். கீழே ஒரு வாளி வைத்துக் கையாலேயே திருகிக் கழற்றலாம்.

ஜனவரியில் குடிநீர் சுத்திகரிக்கிற ஆர்ஓ மெஷின் மெதுவாகச் சொட்டும். குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் தடிப்பாகிவிடுவதால் உள்ளே வடிகட்டுகிற மெம்பரேனைக் கடக்க நேரமாகிறது, மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் ஆச்சரியம் இல்லை. மெம்பரேன் போய்விட்டது, மாற்றணும் என்று சொல்வார்கள். மார்ச் வரை பொறுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கீசர் சுவிட்ச், மோட்டார் சுவிட்ச் இரண்டையும் அணைத்து, தொட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் வால்வை மூடினால் போதும், குழாயைக் காலி செய்ய வேண்டியதில்லை. வீட்டுக்காரரிடம் வயரிங், கீசர் மாற்றும் செலவை இப்போதே பேசுங்கள். டிசம்பரில் பேசினால் உங்கள் அவசரம் அவருக்குத் தெரிந்துவிடும்.