மகள் பாராமெடிக் ஆக வேண்டும் என்கிறாள், சரி என்று சொல்லலாமா?

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் "ஆம்புலன்ஸில் போகிற வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. அதில் கொஞ்சம் இளக்காரம் தெரிகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வண்டியில் போவதில் என்ன இருக்கிறது? டாக்டர் கைக்குப் போய்ச் சேரும்வரை அந்த உயிருக்கு அவள்தான் பொறுப்பு.

முதலில் பெயர்க் குழப்பம். பாராமெடிக்கல் படிப்பு என்றால் லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நாம் சொல்கிறோம். அவையும் நல்ல படிப்புகள்தான், ஆனால் உங்கள் மகள் கேட்பது ஆஸ்பத்திரிக்கு வெளியே நடக்கிற அவசர சிகிச்சை. பெயரைப் பார்த்து லேப் படிப்பில் சேர்ந்துவிட்டு இரண்டாம் வருடம் என்னிடம் வந்து உட்கார்ந்த பையன்கள் உண்டு. பாடத்திட்டத்தில் ஆம்புலன்ஸில் நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம் என்று பாருங்கள், அது இல்லாத படிப்பு அவளுக்கு வேண்டாம்.

வேலை எப்படி இருக்கும்? ஒருவர் திடீரென்று சாய்ந்துவிட்டார், மூச்சில்லை, நாடியில்லை என்று வையுங்கள். ஒருவர் நெஞ்சை அழுத்துவார், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள், ஏனென்றால் கை ஓய்ந்து அழுத்தம் குறைவது அழுத்துகிறவருக்கே தெரியாது. அதற்குள் இன்னொருவர் ஷாக் கொடுக்கும் கருவியை ஒட்டியாக வேண்டும், சுற்றி நின்று அழுகிறவர்களிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் கேட்க வேண்டும். பக்கவாதம் என்றால் கேள்வியே வேறு: கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதனால் அவள் குறித்துக்கொண்டு போகிற அந்த நேரத்தை வைத்துத்தான் மருந்து கொடுப்பதா வேண்டாமா என்றே முடிவு செய்வார்கள்.

இதெல்லாம் டாக்டர் ஆக முடியாதவர்களுக்கு என்கிறீர்கள். 1967-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்குப் பீட்டர் சாஃபர் என்ற டாக்டர் பயிற்சி கொடுத்து ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவைக்கு அனுப்பினார். அதுவரை அந்த ஊரில் நோயாளியைப் பெரும்பாலும் போலீஸ் வேனில்தான் அள்ளிப்போட்டுக்கொண்டு போவார்கள். யாரும் அவர்களைக் குட்டி டாக்டராக நினைத்துப் பழக்கவில்லை, வேலையே வேறு. எம்பிபிஎஸ்ஸுக்குப் பின்வாசல் என்று மகள் நினைத்திருந்தால் மட்டும் இப்போதே திருத்துங்கள்.

கஷ்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். ரத்தத்தைப் பார்த்து வரும் பயம் பெரும்பாலும் பழகப் பழகப் போய்விடும். முதுகுவலி அப்படிப் போகாது, குறுகலான படிக்கட்டில் கனமான ஆளைத் தூக்கி இறக்கும் வேலை அது. ராத்திரி ஷிப்ட், குடித்தவனின் வசவு, ஒரு குழந்தை இறந்த அரைமணியில் வண்டியைக் கழுவிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போவது... சைரன் சத்தத்துக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் சீக்கிரம் சலித்துப்போவார்கள், ஏனென்றால் பாதி நாள் கீழே விழுந்த முதியவர், சர்க்கரை குறைந்து மயங்கியவர், மூச்சிரைப்பு, இவ்வளவுதான்.

பிற்பாடு கண்ட்ரோல் ரூம், பயிற்சி ஆசிரியர், ஏர் ஆம்புலன்ஸ் என்று வழிகள் உண்டு. வெளிநாடு போவதாக இருந்தால் அங்கே தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இப்போது பட்டப்படிப்பே கேட்கிறார்கள், அதனால் குறுகிய கால சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம்.

சேர்க்கும் முன் ஒரு முதலுதவி வகுப்புக்கு அவளை அனுப்புங்கள், பொம்மையின் நெஞ்சை விடாமல் 2 நிமிடம் அழுத்திப் பார்க்கட்டும். அப்புறம், வேலையில் இருக்கிற ஒரு பாராமெடிக்கைப் பிடித்து, கடைசியாகத் தூக்கம் வராத ராத்திரி எது என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் வேண்டும் என்றால் பாடத்திட்டத்தோடு இருவரும் வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.