ஈரலில் புரதம் கூடினால் மீனில் பாதரசமா?

கேள்வி: பெரியகுளம் பக்கம் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு வளர்க்கிறேன். பாம்பாற்றுத் தண்ணீர். கோழி எருதான் உரம். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் மீன் ஈரலைச் சோதித்து, உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் மெட்டலோதயோனின் என்ற புரதம் கூடியிருக்கிறது, பாதரசமாக இருக்கலாம் என்கிறார். மருந்துக்கடைக்காரர் பாதரசத்தை உறிஞ்சும் பொடி தருகிறார். வாங்கலாமா? பாசிக்கு மயில்துத்தம் போட்டிருக்கிறேன்.

பதில்: பொடியை வாங்காதீர்கள். சதையில் ஏறிய பாதரசம் புரதத்தின் கந்தகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. தண்ணீரில் தூவும் பொடி அதை எப்படி வெளியே இழுக்கும்? பயத்தைக் காசாக்கும் வியாபாரம் இது.

உங்கள் பயம் நியாயமானதுதான். பாதரசம் கையாண்டு 2001-ல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலைக்குக் கீழேதான் பாம்பாறு சோலை என்ற காடு; உங்கள் ஆற்றுத் தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தப் புரதம் பாதரசத்துக்கு மட்டும் கூடுவதில்லை. செம்பு, துத்தநாகம், காட்மியம் எது ஏறினாலும் ஈரல் அதைச் சுரக்கும். கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே மயில்துத்தம், அது செம்புதான். தீவனத்தோடு மினரல் மிக்சரும் கொடுத்தால் அதில் துத்தநாகம் இருக்கும். மாணவர் கண்டது இவற்றின் விளைவாகவும் இருக்கலாம். புரதம் கூடவில்லை என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மீன் சதையில் சேர்வது பெரும்பாலும் மெத்தில் பாதரசம், அதாவது உடம்பில் எளிதில் தங்கும் பாதரசச் சேர்மம். அது இந்தப் புரதத்தை அவ்வளவாகத் தூண்டாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது குட்டையின் அடிச்சேற்றைப் பற்றி. சேற்றில் இறங்கிக் காலால் கிளறிப் பாருங்கள். கறுப்பாக இருந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அங்கே வேலை செய்கின்றன என்று அர்த்தம். சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுவதும் பெரும்பாலும் இவைதான். இவற்றுக்குத் தீனி போடுவது நீங்கள் கொட்டும் பச்சைக் கோழி எரு. எருவைச் சும்மா கிடைக்கிறதே என்று குட்டையில் கொட்டும் பழக்கத்தை நான் எப்போதும் எதிர்ப்பேன். பாதரசம் இல்லாத ஊரிலும் அது விடியற்காலையில் ஆக்சிஜனைக் குறைத்து மீனைக் கொல்லும். நன்றாக மக்கிய எருவை, அதுவும் தண்ணீரின் பச்சை நிறம் பார்த்துக் கொஞ்சமாகப் போடுங்கள்.

சரி, சோதனை. தண்ணீரை அனுப்பாதீர்கள்; அதில் அளவு மிகக் குறைவாக இருக்கும்போதே மீனில் பல மடங்கு சேர்ந்திருக்கும். முதுகுச் சதையைத் தோல் நீக்கி வெட்டி, சுத்தமான பாலித்தீன் பையில் ஐஸ் வைத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி மொத்தப் பாதரசம் பார்க்கச் சொல்லுங்கள். கட்லா, ரோகுவுக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. தானாக வந்த விரால் குட்டையில் இருந்தால், அதில் பெரியதாக ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். மீனைத் தின்று வளரும் மீனில்தான் பாதரசம் அதிகம் சேரும். ஒரு வருடத்துக்குள் பிடிக்கும் ரோகுவில் அந்த அளவுக்கு ஏற வாய்ப்பு குறைவு.

அறிக்கை வரும்வரை விரால் விற்க வேண்டாம், வீட்டுக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவும் வேண்டாம். முடிவு வந்ததும் மீனின் எடை, வயதோடு எழுதுங்கள்.