புகைப்பதை நிறுத்தும் குளிசைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன மாதம் புகையை விட உதவும் வரெனிக்ளின் என்ற குளிசை பற்றி இரண்டு பத்தி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். விடவேண்டும் என்று இத்தனை பேர் நினைப்பது சந்தோஷம். ஆனால் வயது, இருக்கிற வருத்தங்கள், எடுக்கிற மற்ற மருந்துகள் எதையும் எழுதாமல் "எனக்குச் சரிவருமா?" என்று ஒரு வரி மட்டும் கேட்டால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? அப்படி வந்த கடிதங்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன். முழு விபரத்தோடு திரும்ப எழுதுங்கள்.

வரெனிக்ளின் தொடங்கி ஐந்து நாள். காலையில் போட்டதும் குமட்டுகிறது. விட்டுவிடவா? (உவர்மலை)

விடவேண்டாம். நூற்றுக்கு முப்பது பேருக்குக் குமட்டல் வரும். வெறும் வயிற்றில் ஒரு மிடறு பிளேன்டீயோடு விழுங்குகிறவர்களுக்கு இன்னும் மோசம். நாலு இடியப்பமாவது சாப்பிட்டுவிட்டு, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு போடுங்கள். மற்றக் குளிசை இராச்சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டு கிழமையில் தணியாவிட்டால் மருத்துவர் அளவைக் குறைப்பார். நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

குளிசை தொடங்கும் அன்றே சிகரெட்டையும் விடவேண்டுமா? (நிலாவெளி)

இல்லை. முதலில் விடுகிற நாளைக் குறியுங்கள். அதற்கு ஒரு கிழமை முன்பு குளிசை தொடங்கட்டும். மொத்தம் 12 கிழமை.

நோன்பு காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தரம் எப்படிப் போடுவது? (கிண்ணியா)

நல்ல கேள்வி. நோன்பு திறந்து சாப்பிட்டபின் ஒன்று, ஸஹருக்குச் சாப்பிட்டபின் ஒன்று. வரெனிக்ளினுக்கு அது போதும். புகையை விடத் தருகிற மற்றக் குளிசையான புப்ரோபியன் என்றால் இரண்டுக்கும் நடுவில் 8 மணித்தியாலமாவது இருக்கவேண்டும். நம்முடைய ஊர் நேரத்தில் அந்த இடைவெளி கிடைக்கும், ஆனால் மணிக்கூட்டைப் பார்த்துப் போடுங்கள். பகல் முழுக்கப் புகையில்லாமல் இருக்கிற உங்களுக்கு, நோன்பு திறந்தபின் வருகிற அந்த முதல் அரை மணித்தியாலம்தான் கண்டம். அந்த நேரத்தில் பள்ளிவாசலிலோ பிள்ளைகளோடோ இருங்கள், கடைத்தெருவுக்குப் போகவேண்டாம்.

கனடாவில் இருக்கிற மச்சான் லீவில் வந்தபோது அரைப் பெட்டி சாம்பிக்ஸ் தந்துவிட்டுப் போனார். வெள்ளையும் நீலமும் இருக்கிறது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லையாம். நேரே நீலத்தில் தொடங்கலாமா? பெட்டியில் 2020 என்று இருக்கிறது. (திருக்கடலூர்)

தம்பி, தொடங்கவேண்டாம். நீலத்திலும் வேண்டாம், வெள்ளையிலும் வேண்டாம்.

சாம்பிக்ஸ் என்பது வரெனிக்ளினின் வியாபாரப் பெயர். வெள்ளை அரை மில்லிகிராம், நீலம் ஒரு மில்லிகிராம். முதல் மூன்று நாள் வெள்ளை ஒன்று, அடுத்த நாலு நாள் வெள்ளை இரண்டு, அதன்பிறகுதான் நீலம். உடம்பு பழகட்டும் என்றுதான் இந்த ஒழுங்கு. அடுத்தது, 2021இல் பைசர் கம்பனி சாம்பிக்ஸைக் கனடாவிலும் வேறு நாடுகளிலும் திருப்பி எடுத்தது. நைட்ரோசமைன் என்ற கலப்பு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அது நீண்டகாலத்தில் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டக்கூடியது. எடுத்தவர்களுக்கு உடனடி ஆபத்து இல்லை என்றுதான் அப்போது சொன்னார்கள், அதனால் மச்சான் பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பெட்டியை இன்று நீங்கள் எடுத்து விழுங்க ஒரு காரணமும் இல்லை. அரைப் பெட்டியில் 12 கிழமைக்குக் குளிசையும் இராது.

இதை எத்தனை தரம் எழுதினாலும் பார்சல் மருந்து நிற்பதாக இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கடல்தொழிலாளி என் மேசையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்தார். பதினொரு குளிசை. பெட்டி இல்லை, துண்டு இல்லை, பெயர் இல்லை. ஒன்றைச் சவர பிளேட்டால் பாதியாக வெட்டியிருந்தார், விளிம்பெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. "சிகரெட்டை விடுகிற குளிசை, லண்டனில் இருந்து வந்தது, பாதி போட்டால் பாதிச் சக்திதானே" என்றார். குளிசையில் பொறித்திருந்த எழுத்தை வைத்துத் தேடித்தான் புப்ரோபியன் என்று கண்டுபிடித்தேன். பன்னிரண்டு மணித்தியாலமாக மெல்லமெல்லக் கரையவேண்டிய குளிசை அது. வெட்டினால், இடித்தால், மென்றால் மருந்து ஒரே அடியாக இரத்தத்தில் இறங்கும்.

புப்ரோபியன் எடுப்பவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு வலிப்பு வரலாம். அது சரியான அளவில் எடுத்தால். முன்பு வலிப்பு வந்தவர், சாப்பாட்டை வெறுத்து ஒதுக்குகிற அல்லது சாப்பிட்டுச் சாப்பிட்டு வாந்தி எடுக்கிற வருத்தம் உள்ளவர், தினமும் சாராயம் குடித்து அதைத் திடீரென நிறுத்துகிறவர், தூக்கக் குளிசையைத் திடீரென விடுகிறவர், இவர்கள் தொடவே கூடாது. தலையில் பலமாக அடிபட்டவரும், சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவரும் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. அந்தக் கடல்தொழிலாளியிடம் கேட்டேன், வலிப்பு வந்ததுண்டா என்று. இல்லை என்றார். பின்னால் நின்ற மனைவிதான், "சின்ன வயதில் இரண்டு தரம் இழுத்தது என்று மாமி சொன்னவ" என்றா. இந்த மனிசன் விடியப்புறம் இரண்டு மணிக்குத் தனியாகப் படகெடுத்துக் கொட்டியாரக் குடாவுக்குப் போகிறவர். அன்றைக்கு மனைவி கூட வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

அதனால் தம்பி, குளிசையின் பெயர் தெரிந்தால் போதாது. உங்களைப் பற்றிய முழுக் கதையும் மருத்துவருக்குத் தெரியவேண்டும். வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். குடிக்கிற பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வரெனிக்ளின் எடுக்கும்போது வழக்கமான அளவு சாராயமே கூடுதலாக ஏறி, சண்டை பிடித்து, மறுநாள் ஒன்றும் நினைவில்லாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது.

என் மகனுக்கு மனநோய், ஒலான்சபைன் எடுக்கிறான், ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட். இந்தக் குளிசை தற்கொலை எண்ணம் தரும் என்று ஒருவர் சொன்னார். பயமாக இருக்கிறது. (பாலையூற்று)

அம்மா, அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 2009இல் அமெரிக்காவில் வரெனிக்ளினுக்கும் புப்ரோபியனுக்கும் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அப்படி எச்சரிக்கை போட்டார்கள். அப்புறம் எட்டாயிரம் பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, அதில் பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். முடிவு 2016இல் வந்தது. மனநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பேருக்கு மனநிலைக் குழப்பம் வந்தது. மருந்தில்லாத போலிக் குளிசை எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். புகையை விடுவதே மனதைக் கிளறிவிடும். அந்த வருடக் கடைசியில் கட்டம் கட்டிய அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் முதல் சில கிழமை மகனைக் கவனியுங்கள். தூங்காமல் நடந்தால், வழமைக்கு மாறாகக் கோபப்பட்டால், "வாழப் பிடிக்கவில்லை" என்று ஒரு சொல் வந்தால் குளிசையை நிறுத்தி அன்றே கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரவென்றால் மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சிகரெட் புகை ஈரலைத் தூண்டி ஒலான்சபைனை வேகமாகக் கழிக்கிறது. புகை நின்றதும் அதே அளவு மருந்து இரத்தத்தில் கூடிவிடும். இன்னொரு மனநோய் மருந்தான குளோசபைனும் அப்படித்தான், அதில் ஆபத்து இன்னும் அதிகம். மகன் தூங்கி வழிவான், நாக்குத் தடுமாறும். புகையை விடுகிற நாளைக் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்தளவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவனை விடவேண்டாம் என்று மட்டும் தடுக்காதீர்கள்.

இழுப்புக்குத் தியோபிலின் எடுக்கிறேன், 61 வயது. பீடியை விட்டு ஒரு கிழமை. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. (ஆலங்கேணி)

ஐயா, நாளை வரை பார்க்கவேண்டாம், இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மேலே சொன்ன கதைதான், தியோபிலின் இரத்தத்தில் கூடியிருக்கலாம். தேத்தண்ணியும் அப்படியே, அதிலுள்ள கஃபீனும் புகை நின்றதும் உடம்பில் கூடும். ஆறு கோப்பை குடித்தவர் மூன்றோடு நிறுத்தவேண்டும். பீடிக்குத் திரும்பவேண்டாம்.

கணவருக்குத் தெரியாமல் குளிசையை இடித்துச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா? (மூதூர்)

கூடவே கூடாது, தங்கச்சி. இடித்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அவர் விரும்பாமல் எந்தக் குளிசையும் சிகரெட்டை விடவைக்காது. பேசிப் பாருங்கள். 1948க்கு எடுத்தால் விடுவதற்கு ஆலோசனை தருவார்கள், அதை அவரே கேட்கட்டும்.

அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். வரெனிக்ளின் எடுக்கலாமா? (தம்பலகாமம்)

பாதிப்புக் கடுமையென்றால் பாதி அளவுதான். கடைசி இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு போங்கள்.

கொழும்பு பஸ் ஓட்டுகிறேன். குளிசை போட்டு ஓடலாமா? (அலஸ்தோட்டம்)

முதல் கிழமையை லீவில் தொடங்குங்கள். தலைச்சுற்றும் தூக்கக் கலக்கமும் சிலருக்கு உண்டு. 2008இலேயே அமெரிக்காவில் விமானிகளுக்கு வரெனிக்ளினைத் தடை செய்தார்கள். உங்கள் பின்னாலும் ஐம்பது பேர் இருக்கிறார்கள். பயங்கரக் கனவு வந்தால் மாலைக் குளிசையை நேரத்தோடு, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள்.

சிகரெட் இல்லை, வெற்றிலையோடு புகையிலை மட்டும். இந்தக் குளிசை உதவுமா? (சாம்பல்தீவு)

சப்புகிற புகையிலைக்கும் வரெனிக்ளின் பலன் தருவதாக ஆய்வுகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். பாக்கு வேறு கதை. அதற்கு இந்தக் குளிசை மருந்தில்லை, பாக்கே புற்றுநோய் தரும் என்று 2004இல் உலக அளவில் உறுதிப்படுத்திவிட்டார்கள். குளிசைக்கு முன் வாயைக் காட்டுங்கள். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்க இறுக்கம் ஏதாவது இருந்தால் இந்தக் கிழமையே பல் கிளினிக்.

ஐந்தாவது கிழமை. கல்யாண வீட்டில் ஒரு சிகரெட் பத்திவிட்டேன். எல்லாம் போச்சா? (சீனக்குடா)

போகவில்லை. குளிசையை நிறுத்தாதீர்கள், அதுதான் பலர் செய்கிற பிழை. நிக்கோட்டின் போய் உட்காருகிற இடத்தில் வரெனிக்ளின் முன்பே உட்கார்ந்திருக்கும், அதனால் அந்தச் சிகரெட் பழைய ருசியைத் தந்திராது. நீங்களும் அதைக் கவனித்திருப்பீர்கள். மிச்ச ஏழு கிழமைக்குக் குளிசை வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள், குறைந்தால் முடியுமுன்னே துண்டை எழுதி வாங்குங்கள்.