அமெரிக்காவின் பிபிஎஸ் சேனலில் ஏன் எந்நேரமும் இங்கிலாந்து நாடகமே ஓடுகிறது? பிபிசி எடுத்ததை ஓசியில் வாங்கிப் போடுகிறார்களா?

கேள்வியில் வருகிற அந்த 'ஓசி'தான் என்னைப் பதில் எழுத வைத்தது. என் வீட்டுக்காரரின் அக்கா லண்டன் ஹாரோவில் இருக்கிறார். மதினி வாய்க்கு வாய் இதையே சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துவிட்டது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டிவி துறையில் வேலை பார்த்தவள் இல்லை. ஒஹாயோவில் குடும்பத் தலைவி. எங்கள் ஊர் பிபிஎஸ் நிலையத்துக்கு நன்கொடை கொடுக்கிறவள், கொஞ்ச காலம் அங்கே தன்னார்வலராகப் போய் வந்தவள். அவ்வளவுதான் என் தகுதி. "உனக்கென்ன தெரியும்" என்று கேட்க நினைப்பவர்கள் இத்தோடு அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

நீங்கள் இங்கே புதிதாக வந்தவர் என்று நினைக்கிறேன். கேபிளுக்குத் தண்டம் அழ மனமில்லாமல் ஆன்டெனாவை ஜன்னலோரம் வைத்துச் சேனல் தேடியிருப்பீர்கள். ஞாயிறு ராத்திரி மாளிகையும் குதிரை வண்டியும் வெள்ளைக் கையுறை போட்ட வேலைக்காரர்களுமாக ஏதோ ஓடியிருக்கும். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம்.

பிபிஎஸ் என்றால் தூர்தர்ஷன் மாதிரி ஒரே நிறுவனம் என்று நினைத்துவிடுகிறோம். அது அப்படி இல்லை. 1967-ல் ஒரு சட்டம் போட்டு, 1970 அக்டோபரில் ஒளிபரப்பு தொடங்கியது. ஊர் ஊராக இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் பொது ஒளிபரப்பு நிலையங்கள் சேர்ந்த கூட்டமைப்பு அது. பிபிஎஸ் தானாக எந்த நிகழ்ச்சியும் எடுப்பதில்லை. பாஸ்டனின் டபிள்யூஜிபிஎச், நியூயார்க்கின் டபிள்யூஎன்இடி மாதிரி சில பெரிய நிலையங்களும் வெளித் தயாரிப்பாளர்களும் எடுத்துக் கொடுப்பார்கள், மற்றவை வாங்கிப் போடும். பணம் பார்வையாளர் நன்கொடை, கம்பெனிகள், அறக்கட்டளைகள், அப்புறம் அரசாங்கம் கொடுத்த ஒரு பங்கு. பிபிசிக்கோ டிவியை நேரடி ஒளிபரப்பில் பார்க்கும் வீடெல்லாம் லைசன்ஸ் கட்ட வேண்டும். 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174.50 பவுண்ட் ஆனது. கையில் நிலையான வருமானம் இருக்கிறவன் துணிந்து நாடகம் எடுப்பான். வருடா வருடம் உண்டியல் குலுக்குகிறவன், எடுத்து முடித்ததை வாங்கத்தான் பார்ப்பான். அந்தக் காலத்தில் ஒரு சரித்திர நாடகத்தைச் சொந்தமாக எடுப்பதைவிட, லண்டனில் தயாராக இருந்ததை வாங்குவது எவ்வளவோ மலிவு.

இதற்கு வழி காட்டியது பிபிசி 1967-ல் எடுத்த 'தி ஃபார்சைட் சாகா'. 26 வாரம் ஓடிய கறுப்பு வெள்ளைக் குடும்பக் கதை. பிபிஎஸ்ஸுக்கு முன்னோடியான என்இடி அதை 1969-ல் இங்கே காட்டியபோது சனம் வாரா வாரம் உட்கார்ந்து பார்த்தது. அந்தத் தைரியத்தில் பாஸ்டன் நிலையம் 1971 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடகங்களை வாரா வாரம் காட்ட 'மாஸ்டர்பீஸ் தியேட்டர்' (பிறகு வெறும் 'மாஸ்டர்பீஸ்') என்ற நிகழ்ச்சியை ஆரம்பித்தது. பணம் கொடுத்தது மொபில் எண்ணெய்க் கம்பெனி. பிபிஎஸ்ஸை 'பெட்ரோலியம் சேனல்' என்று அப்போது கிண்டல் செய்தவர்கள் உண்டு.

நாடகத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து கதைச் சூழலை விளக்க அலிஸ்டர் குக் என்ற மனிதரைப் போட்டார்கள். அதிலும் ஒரு கணக்கு இருந்தது. பிரிட்டிஷ் நாடகம் ஒரு பகுதி 50 நிமிடம்தான் வரும். பிபிஎஸ்ஸில் விளம்பர இடைவேளை கிடையாது, ஒரு மணி நேரத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். குக் பேசியது போக மிச்சம் நிலைய அறிவிப்பு. இந்தக் குக் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கக் குடிமகன் ஆனவர். இங்கே டிவியில் அமெரிக்கர்களுக்கு இங்கிலாந்தை விளக்கிக்கொண்டே, பிபிசி வானொலியில் பிரிட்டிஷ்காரர்களுக்கு அமெரிக்காவை விளக்கி வாரம் ஒரு உரை ஆற்றினார். 1946-ல் தொடங்கி 2004 வரை விடாமல். இரண்டு பக்கமும் சம்பளம் வாங்கிய புத்திசாலி. 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சிக்காரர்கள் அவரைக் கிண்டல் செய்து, பிஸ்கட் தின்னும் குக்கி மான்ஸ்டர் பொம்மைக்கு 'அலிஸ்டர் குக்கி' என்று பெயர் வைத்து ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். என் பையன் முதலில் பார்த்தது அதைத்தான். அசல் குக்கை எங்கோ பிறகு பார்த்தபோது "இவர் ஏன் பிஸ்கட் சாப்பிடவில்லை" என்று கேட்டான்.

சரி, மதினி கதைக்கு வருகிறேன்.

'டவுன்டன் அபே' என்ற இங்கிலாந்து மாளிகை நாடகம் ஓடிய காலம். அங்கே இலையுதிர் காலத்தில் போட்டு முடித்துவிடுவார்கள், இங்கே ஜனவரியில்தான் வரும். 2012 கிறிஸ்துமஸ் அன்று அவர்களுக்குச் சிறப்புப் பகுதி. மறுநாள் காலை போன். நலம் விசாரித்தார், குளிர் எப்படி என்றார், அப்புறம் ஏதோ பக்கத்து வீட்டுச் சாவு மாதிரி, "மேத்யூ போயிட்டான் தெரியுமா? பிள்ளையப் பார்த்துட்டு வர்ற வழியில கார் கவுந்துடுச்சு" என்றார். இங்கே அந்த சீசன் ஆரம்பிக்கவே இல்லை! அந்தப் பகுதி எங்களுக்கு வந்தது பிப்ரவரி 17-ம் தேதி. "மதினி, நாங்க இன்னும் பார்க்கலை" என்றேன். அதற்கு வந்த பதில்தான் இன்றைக்கும் குத்துகிறது: "நாங்க லைசன்ஸ் கட்டி எடுக்கிறத நீங்க ஓசியிலதானே பார்க்கிறீங்க, கொஞ்சம் லேட்டாத்தான் வரும்." வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா பேசினால் அவருக்கு வாயே இருக்காது.

டவுன்டன் அபே பிபிசி நாடகமே இல்லை. அது ஐடிவியில் வந்தது. ஐடிவி விளம்பரத்தில் பிழைக்கும் தனியார் சேனல், லைசன்ஸ் பணத்தில் பங்கு கிடையாது. எடுத்தது கார்னிவல் ஃபிலிம்ஸ் என்ற தயாரிப்பு நிறுவனம், அதில் இணைத் தயாரிப்பாளராகச் சேர்ந்தது பாஸ்டனின் 'மாஸ்டர்பீஸ்'. ஆக மதினியின் லைசன்ஸ் காசு அதில் ஒரு பென்னி இல்லை. என் காசு இருந்தது. நேராகப் போகவில்லை, சுற்றித்தான் போகும்: நான் ஊர் நிலையத்துக்குக் கொடுக்கிறேன், நிலையம் பிபிஎஸ்ஸுக்கு நிகழ்ச்சிக் கட்டணம் கட்டுகிறது, அங்கிருந்து நாடகத்துக்குப் போகிறது. சொற்பம்தான், இருந்தாலும் என் பணம்.

இப்போது ஒருவர் வருவார்: "ஐடிவியை நேரடியாகப் பார்க்கவும் லைசன்ஸ் வேண்டும், சட்டப்படி அதுவும் பொதுச் சேவை ஒளிபரப்பாளர்தான்" என்று. உண்மைதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் லைசன்ஸ் பணம் போகும் பெட்டி வேறு.

இது ஒரு நாடகத்தின் கதை மட்டும் இல்லை. எழுபதுகளில் அமெரிக்காவே கொண்டாடிய 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்', நம் சுதந்திரத்துக்கு முந்தைய வருடங்களைப் பற்றிய 'தி ஜூவல் இன் தி க்ரவுன்', இரண்டும் ஐடிவி கம்பெனிகளின் சரக்கு. 2015-ல் வந்த 'இந்தியன் சம்மர்ஸ்' பிரிட்டனின் சேனல் 4-ம் மாஸ்டர்பீஸும் சேர்ந்து எடுத்தது. சிம்லா என்று அதில் காட்டியது மலேசியாவின் பினாங்கு! இப்போது ஓடும் 'ஆல் க்ரியேச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்' பழைய பிபிசி தொடரின் மறுபிறப்பு, ஆனால் புதியது சேனல் 5 உடையது. ஆங்கில உச்சரிப்பு கொஞ்சம் கறாராக இருந்தாலே பிபிசி என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

தன்னார்வலர் என்றேனே, அதையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் எச்-4 விசாவில் இருந்தேன், அதாவது வேலை விசாவில் வந்தவரின் மனைவியாக; வேலைக்குப் போக முடியவில்லை, குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டான். அப்போது டிவியிலேயே நன்கொடை கேட்கும் 'பிளெட்ஜ் டிரைவ்' நாட்களில் போன் எடுக்க ஆள் கேட்டார்கள், போனேன். இரண்டு வரிசை மேஜை, ஆளுக்கொரு போன், கட்டுக் கட்டாகப் படிவம். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தால் பின்னணியில் நாங்கள் தெரிகிறோம் என்று அர்த்தம், கொட்டாவி விடக்கூடாது. இவ்வளவு டாலருக்குக் காபிக் கோப்பை, அதற்கு மேலே துணிப்பை, இன்னும் மேலே டிவிடி பெட்டி. என் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியாது என்று பயந்து போனேன். பார்த்தால் போலந்து வழி வந்த அவர்களுடைய பெயர்களை எழுதத்தான் நான் திண்டாடினேன். ஒரு பாட்டி பத்து டாலர் தருவதாகச் சொன்னார். பரிசு எதுவும் வேண்டாம், சனிக்கிழமை 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார். அது நிஜமாகவே பிபிசி தொடர், 1995-லேயே எடுத்து முடித்தாகிவிட்டது. ஊர் நிலையங்கள் அதை வாங்கி வாங்கி இன்னும் ஓட்டுகின்றன. அக்கம்பக்கத்தார் முன்னால் அந்தஸ்துக் காட்டத் தவிக்கும் ஒரு பெண்மணியின் கதைக்கு ஒஹாயோவில் இவ்வளவு ஆள் ஏன் என்று எனக்கு ஆச்சரியமே வந்ததில்லை.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அந்தப் பாட்டியின் பத்து டாலரைப் பார்த்த கையோடு எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்குப் போனால் வயிறு எரியும். பொங்கல் விழாவுக்கு சினிமாக்காரரை வரவழைக்க பிசினஸ் கிளாஸ் டிக்கெட் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் பாடத்தாள் அச்செடுக்கக் காசு கேட்டால் 'அடுத்த கமிட்டி பார்க்கும்'. உறுப்பினர் கட்டணம் கட்டாதவர்தான் சாப்பாட்டு வரிசையில் முதல் ஆள், அதுவும் விருந்தினர் நாலு பேரோடு. ஓசி என்றால் அதற்குப் பெயர்தான் ஓசி. இதைப் படித்துவிட்டு நம்மைத்தான் சொல்கிறாள் என்று யாருக்காவது தோன்றினால், ஆமாம்.

'சொந்தமாக எடுக்க மாட்டார்களா' என்றுதான் நீங்களும் நினைத்திருப்பீர்கள். எடுக்கிறார்கள், நாடகம் அதிகம் இல்லை, அவ்வளவுதான். அவர்களுடைய பலம் ஆவணப்படம், அறிவியல், குழந்தைகள் நிகழ்ச்சி. 'நோவா' என்ற அறிவியல் தொடரை 1974-ல் தொடங்கியவர் மைக்கேல் அம்ப்ரோசினோ. லண்டனில் பிபிசியோடு இருந்து அவர்களுடைய 'ஹொரைசன்' அறிவியல் தொடரைப் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தது. கார்ல் சேகனின் விண்வெளித் தொடர் 'காஸ்மாஸ்' 1980-ல் லாஸ் ஏஞ்சலஸ் நிலையம் எடுத்தது. அதில் பிபிசி பணமும் உண்டு, தலைமை ஏற்றவர் ஏட்ரியன் மலோன், பிபிசியில் 'தி அசென்ட் ஆஃப் மேன்' செய்த அதே ஆள். பழம்பொருளுக்கு மதிப்புச் சொல்லும் 'ஆன்டீக்ஸ் ரோட்ஷோ' 1979-ல் பிபிசியில் வந்தது, 1997-ல் பாஸ்டன் அதன் அமெரிக்கப் பதிப்பைத் தொடங்கியது. எது யாருடையது என்று பிரிக்கவே முடியாத அளவுக்குக் கொடுக்கல் வாங்கல்.

ஆனால் பிபிசி வேண்டாம் என்று தள்ளியதும் உண்டு, அதுவும் எதை? செசமி ஸ்ட்ரீட்டை! 1971-ல் பிபிசியின் குழந்தைகள் பிரிவுத் தலைவர் மோனிகா சிம்ஸ், அதன் நோக்கம் அதிகாரத்தனமாக இருக்கிறது, குழந்தைகளை ஒரு அச்சில் வார்க்கப் பார்க்கிறது என்று மறுத்துவிட்டார். ஐடிவியின் சில பகுதி நிலையங்கள் எடுத்துப் போட்டன. அந்தத் தொடரைப் பார்த்து எண்ணும் எழுத்தும் கற்ற பிள்ளையை வளர்த்தவள் நான், எனக்கு இதில் நடுநிலை வராது.

மதினிக்கும் ஒரு நாள் வந்தது. 2017-ல் கென் பர்ன்ஸும் லின் நோவிக்கும் எடுத்த வியட்நாம் போர் ஆவணத் தொடர் பிபிசி 4 சேனலில் ஓடியது. பார்த்துவிட்டு, "என்ன இருந்தாலும் பிபிசி மாதிரி எடுக்க முடியாது" என்றார். அது பிபிஎஸ் தொடர் என்று நான் சொன்னதற்கு, "அப்படியா, சரி, பாப்பாவுக்கு ஜுரம் விட்டுச்சா" என்று பேச்சை மாற்றிவிட்டார். அதுவும் ஒரு வெற்றிதான்.

இப்போது நிலைமை நன்றாக இல்லை. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கியிருந்த இரண்டு வருடப் பணத்தை, சுமார் 110 கோடி டாலரை, திரும்ப எடுத்துக்கொண்டது. அதைப் பிரித்துக் கொடுத்துவந்த நிறுவனம் மூடுவதாக அடுத்த மாதமே அறிவித்தது. சின்ன ஊர் நிலையங்களுக்குத்தான் அடி அதிகம். லண்டன் பக்கமும் செழிப்பு இல்லை: பிபிசியும் மாஸ்டர்பீஸும் சேர்ந்த 'உல்ஃப் ஹால்' சரித்திர நாடகத்தின் இரண்டாம் பாகத்தை எடுத்து முடிக்க, தானும் நாயகன் மார்க் ரைலன்சும் மற்றவர்களும் சம்பளத்தில் பெரும் பகுதியை விட்டுக்கொடுத்ததாக இயக்குநர் பீட்டர் காஸ்மின்ஸ்கி பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவுக்கே எழுதினார். பெரிய ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் வந்து சம்பளத்தையும் செலவையும் ஏற்றிவிட்டதில், இரண்டு பொது ஒளிபரப்பாளர் சேர்ந்தாலும் பத்தாத நிலை.

உங்களுக்குப் பிடித்திருந்தால் உங்கள் ஊர் நிலையத்துக்கு மாதம் ஐந்து டாலர் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான நிலையங்களில் அதற்கே 'பாஸ்போர்ட்' என்ற வசதி கிடைக்கும், பழைய நாடகம் நிறைய அதில் இருக்கிறது. ஒன்று, அது அமெரிக்காவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். லீவுக்கு ஊருக்குப் போய், சென்னை வெயிலில் உட்கார்ந்து திறந்து பார்த்துவிட்டு, 'அக்கா ஏமாற்றிவிட்டார்' என்று இங்கே வந்து எழுதாதீர்கள்.