ஆட வைப்பது மரியாதை ஆகுமா?

கேள்வி: உதகை அருகே விடுதி நடத்துகிறோம். வார இறுதிகளில் தோடர் பழங்குடியினரை வரவழைத்து விருந்தினர்முன் ஆட வைக்கிறோம். அவர்களுடைய பூவேலைச் சால்வைகளையும் விற்கிறோம். உள்ளூர்ப் பண்பாட்டுக்கு இதைவிட என்ன மரியாதை செய்துவிட முடியும்?

பதில்: உங்கள் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால், தோடர்கள் எதையாவது தீர்மானித்தார்கள் என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர்களுடைய ஆட்டமும் பாட்டும் கோயில் கூரை வேய்தல், திருமணம், சாவுச் சடங்கு என்று அந்தந்த நிகழ்வைச் சார்ந்தவை. பாட்டின் சொற்களே அந்த வேளைக்கென்று கட்டப்படுபவை. அவற்றை இரவு உணவுக்குமுன் அரை மணி நேரத்துக்குள் அடக்கிக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டால், விருந்தினருக்குப் பொழுது போகுமே தவிர, அந்த மக்களைப் பற்றி அவர்கள் எதையும் அறிந்துகொள்ளப் போவதில்லை.

சால்வைக்கு வருகிறேன். வெள்ளைப் பருத்தித் துணியில் எந்த வரைபடமும் இல்லாமல், ஊடும் பாவுமாக இழைகளை விரலால் எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தோடப் பெண்கள் போடும் பின்னல் அது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. பூத்துக்குளி எனப்படும் இந்தச் சால்வை ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். இயந்திரத்தில் அடித்த போலிகளும் அதே பெயரில் விலைபோகின்றன. உங்கள் கடையில் இருப்பது யார் கை வேலை, அதற்கு அவர் கேட்ட விலை என்ன, நீங்கள் கொடுத்தது என்ன என்பதை வாங்குபவர் தெரிந்துகொள்ளும்படி எழுதி வையுங்கள்.

தீர்மானம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் உளுரு பாறையில் ஏற வேண்டாம் என்று அதன் உரிமையாளர்களான அனங்கு மக்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களே பெரும்பான்மையாக உள்ள பூங்கா நிர்வாகக் குழு 2017-இல் ஒருமனதாக முடிவெடுத்த பின்னரே, 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது நின்றது. வேண்டுகோளாக இருந்தவரை பலர் அதைப் பொருட்படுத்தாமல் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். அதிகாரத்தோடு முடிவெடுத்த பிறகுதான் அவர்களுடைய மறுப்புக்கு மதிப்பு வந்தது.

ஆகவே முதலில் தோடர்களின் குடியிருப்பான மந்துக்குச் சென்று பெரியவர்களிடம் பேசுங்கள். வெளியார்முன் பாடத்தக்கது எது, கோயில் பக்கம் எவ்வளவு தூரம் வரலாம், படம் எடுக்கலாமா என்பதையெல்லாம் அவர்கள் சொல்லட்டும். கோயிலுக்கும் வீட்டுக்கும் கூரை வேயும் புல், தைல மரமும் சீகை (வாட்டில்) மரமும் புல்வெளிகளை விழுங்கியதால் அரிதாகிவிட்டது. உங்கள் நிலத்தில் அதை வளர்க்க இடம் கொடுக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். ஆட்டம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அடுத்த வார நிகழ்ச்சியை ரத்து செய்துவிடுங்கள்.