அப்பாவின் தராசு

"கஷ்டமான காலத்திலும் உங்களைச் சிரிக்க வைத்த சின்னச் சின்ன சந்தோஷங்கள் எவை?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருவது டயாலிசிஸ் வார்டில் இருந்த எடை மெஷின்தான்.

அப்பாவுக்கு 2018இல் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். திருமங்கலத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து மதுரைக்குப் போவோம். சிறுநீர் சரியாகப் பிரியாததால், குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டர் தங்கினால் ஒரு கிலோ ஏறும். ஏறியதை டயாலிசிஸ் மெஷின் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். அதனால் கட்டிலில் படுக்கும் முன் எல்லோரும் எடை பார்த்தே ஆக வேண்டும். அந்த எடை மெஷின் முன்னால் வரிசையில் நிற்கும்போது யார் முகத்திலும் உயிர் இருக்காது. நிறைய ஏறியிருந்தால் திட்டு விழும். அதைவிட, நிறைய எடுத்தால் கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும் வலி.

அப்பா முப்பது வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவர். கால் கிலோ துவரம்பருப்பைக் கையால் அள்ளியே சரியாகப் போடுவார். வார்டுக்குப் போக ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். முன்னால் நின்றவரின் கணுக்காலையும் கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தையும் பார்த்துவிட்டு, "ரெண்டே முக்கால்" என்றார். மெஷினில் ஏறிப் பார்த்தால் 2.8 கிலோ கூடியிருந்தது. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. "அண்ணாச்சி, எனக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். அப்பாவும் சும்மா சொல்லிவிட மாட்டார். காலைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், "நேத்து எங்க விசேஷம்?" என்று விசாரிப்பார். ஒருவர் தானாகவே ஒப்புக்கொண்டார்: "கல்யாண வீட்ல ரசம், அண்ணாச்சி. ரெண்டு டம்ளர்." பாயசத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு மூன்றரை என்றார் அப்பா. கிட்டத்தட்ட அதேதான் வந்தது. தன் எடையை மட்டும் எப்போதும் அரை கிலோ குறைத்தே சொல்வார். "அண்ணாச்சி, உங்க தராசுல ஏதோ கோளாறு இருக்கு" என்று சிஸ்டர் சொல்லும்போது எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பதும் அவர்தான்.

ஊசி இரண்டும் கையில் ஏறும்போது வலிக்கத்தான் செய்தது. பக்கத்துக் கட்டில்காரர் ஒரு சனிக்கிழமை வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. அன்றைக்கு யாரும் யாரிடமும் எடை கேட்கவில்லை. அந்த மாதிரி நாட்களில் சிரிப்பு வராது, வரவும் வேண்டாம். ஆனால் ஒன்று சொல்வேன்: சந்தோஷத்துக்காக நாங்கள் வேறு எங்கும் தேடிப் போகவில்லை. எது எங்களைப் பாடாய்ப் படுத்தியதோ, அந்த எடைக்குள்ளேயே அது கிடைத்தது.

வீட்டில் ஐஸ்கட்டி. காபி, மோர், குழம்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மதுரை வெயிலில் அது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். தாகம் எடுத்தால் ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று டெக்னீஷியன் தம்பி சொல்லிக் கொடுத்தார். அம்மா தினம் ஆறு கட்டி வைப்பார். ஆறும் சேர்ந்தால் அரை டம்ளர் தண்ணீர் இருக்கும். அதில் ஒன்றில் மட்டும் இரண்டு சொட்டு எலுமிச்சை. அதை ராத்திரி ஒன்பது மணிக்கென்று அப்பா எடுத்து வைத்துக்கொள்வார். வாயில் போட்டுக் கண்ணை மூடிவிட்டால், கரைந்து முடியும்வரை வீட்டில் யாரும் பேசக் கூடாது. டிவியைக்கூட அணைத்துவிடுவோம். இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு அது மெதுவாக நகர்வது வெளியிலிருந்தே தெரியும். முடிந்ததும் ஒரு பெருமூச்சு. பிறகு, "ம், இப்ப பேசுங்க."

ஒரு நாள் அத்தை வந்திருந்தபோது நாங்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். "சீக்காளிய வீட்ல வச்சிக்கிட்டு எப்படித்தான் சிரிப்பு வருதோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது, ஒரு வாரம் முகமே சரியில்லை. அப்பா கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "அழுதா எடை குறையும்னா நானே முதல்ல அழுதிருப்பேனே. ரெண்டு கிலோ கண்ணீர் வரட்டும், மெஷினே வேண்டாம்." அம்மா சிரித்தபடியே அழுதார். எனக்கும் அப்போதுதான் மனசு லேசானது. சிரிப்பதற்கு நோயாளியே அனுமதி கொடுத்த பிறகு ஊர் என்ன சொன்னால் என்ன?

அப்பா 2022இல் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, ஏதோ எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். ஆறு ஐஸ்கட்டி இருந்தது. கை பழக்கத்தில் அம்மா வைத்திருக்கிறார். தூக்கிப் போட மனசு வரவில்லை. கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆளுக்கு மூன்று.

"எலுமிச்சை போட்டது எனக்கு" என்றார் அம்மா. சரி என்று கொடுத்துவிட்டேன். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம்.