படி ஏறினால் மூச்சு வாங்குகிறது: மலையா, மாசமா, ரத்தக்குறைவா?

கேள்வி: குன்னூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். வயது 24, தலைப்பிரசவம், இப்போது 20 வாரம். ரோட்டிலிருந்து வீட்டுக்கு எழுபது படி. முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறிவிடுவேன். இப்போது பாதியில் நிற்க வேண்டியிருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. சட்டென்று திரும்பினால் வலது அடிவயிற்றில் சுருக்கென்று இழுக்கிறது. சும்மா இருக்கும்போதே அழுகை வருகிறது. குழந்தை அசைவு இன்னும் தெரியவில்லை. ஹீமோகுளோபின் 9.8. “மலையில இருந்தா இப்படித்தான், மேட்டுப்பாளையத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிடு” என்கிறார் மாமியார். போகட்டுமா?

பதில்: குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கேயே குடியிருந்து பழகிய உடம்புக்கு அது மூச்சை அடைக்கிற உயரம் இல்லை. உங்களுக்கு மூச்சு வாங்குவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று இயல்பானது. இன்னொன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அந்த 9.8.

முதலில் இயல்பானது. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் முடிகிற வரை உடம்பில் ரத்தத்தின் அளவு வேகமாகக் கூடும். பிரசவம் நெருங்கும்போது பழைய அளவைவிட 40 முதல் 50 சதவீதம் வரை அதிகமாகியிருக்கும். அத்தனையையும் இறைக்க இதயம் நிமிடத்துக்குப் பத்து, இருபது துடிப்பு கூடுதலாகத் துடிக்கும். புரோஜெஸ்டிரான் ஹார்மோன் மூச்சை ஆழமாக இழுக்க வைக்கும். அதனால்தான் வயிறு பெரிதாவதற்கு முன்பே மூச்சு வாங்குவது போலத் தோன்றும். ஏறி நின்றபின் உட்கார்ந்தால் சில நிமிடத்தில் அடங்குகிறது, முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, இரவில் தட்டையாகப் படுக்க முடிகிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ, படுத்ததும் எழுந்து உட்கார வேண்டி வந்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அன்றைக்கே மருத்துவமனை போங்கள். சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிய பெண்களுக்கு, அதுவரை தெரியாமல் இருந்த கோளாறு ரத்த அளவு ஏறுகிற இந்த மாதங்களில்தான் வெளிப்படும். அப்படிக் காய்ச்சல் வந்ததாக நினைவிருந்தால் டாக்டரிடம் சொல்லி எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்லுங்கள்.

இனி 9.8. ரத்தத்தில் நீர்ப்பகுதி வேகமாகவும் சிவப்பணு மெதுவாகவும் கூடுவதால் இந்தக் காலத்தில் எண்ணிக்கை சற்று இறங்கத்தான் செய்யும். அந்தச் சலுகையையும் சேர்த்துப் பார்த்தாலும் இது ரத்தசோகைதான். அரசுக் கணக்கில் கர்ப்பிணிக்கு 11 வேண்டும். 10-க்குக் கீழே போனால் ‘மிதமானது’ என்ற வகை. அதோடு, மலையில் வாழ்பவர்களின் ரத்தம் இயல்பிலேயே கொஞ்சம் கெட்டியாக இருக்கும். உங்கள் உயரத்துக்கு அளவீட்டிலிருந்து குறைந்தது அரை கிராமாவது கழித்துப் பார்க்க வேண்டும். ஆகவே மலைக்காரருக்கு 9.8 என்பது சமவெளிக்காரரின் 9.8-ஐவிட மோசம். பச்சரிசி, சாக்பீஸ், சாம்பல், மண் ஏதாவது தின்னத் தோன்றுகிறதா? அதைப் பலர் மசக்கை என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது இரும்புச்சத்து கேட்கிற குரல். வெட்கப்படாமல் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள்.

இந்த அளவுக்கு, நாளுக்கு ஒன்று என்று தருகிற சத்து மாத்திரையை (60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்) நாளுக்கு இரண்டு என்று கூட்டுவார்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் குறைந்தது 1 கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக ஏற்றுகிற இரும்பு மருந்து பற்றிக் கேளுங்கள். ஆனால் மாத்திரை பலிக்காததற்குப் பல வீடுகளில் காரணம் டீ டம்ளர்தான். தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். காலை டீ, பத்து மணி டீ, சாப்பாட்டுக்குப் பின் டீ, நாலு மணி டீ என்று ஓடுகிற ஊரில் மாத்திரைக்கு இடைவெளியே கிடைப்பதில்லை. டீயை நாளுக்கு இரண்டு சின்ன டம்ளராகக் குறைத்து, மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். எலுமிச்சைத் தண்ணீரோடு, அல்லது ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கடித்துக்கொண்டு மாத்திரை போடலாம். கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு தனியாகப் போடுங்கள்; இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு சேராது. மலம் கறுப்பாகப் போவது இரும்பினால்தான், நிறுத்திவிடாதீர்கள். வயிற்றைப் புரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள்.

ஊட்டி பீட்ரூட் சாற்றைத் தினமும் குடித்தால் ரத்தம் ஊறும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நிறம் சிவப்பு, இரும்பு சொற்பம். கறி, மீன், எலுமிச்சை பிழிந்த கீரை, கொள்ளு ஆகியவை அதைவிட மேல். தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்திருந்தால் கொக்கிப்புழு சந்தேகமும் உண்டு. மூன்று மாதம் கடந்த கர்ப்பிணிக்கு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒரே ஒரு முறை தருவது அரசு நடைமுறை. போட்டீர்களா என்று கேட்டுப் பாருங்கள். இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களில் பிறந்தவரானால் அரிவாள் செல் (சிவப்பணு அரிவாள் போல வளைகிற பரம்பரை ரத்த நோய்) பரிசோதனையும் அவசியம். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அது 1952-லேயே பதிவான நோய். உங்களுக்கு அந்தக் கூறு இருந்தால் கணவருக்கும் பார்க்க வேண்டும்.

மலையைச் சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு: கரி அடுப்பு. குளிருக்காகக் கதவு, ஜன்னல் சாத்திய அறையில் கரிச்சட்டி வைத்துப் படுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தாயைவிட வயிற்றுக் குழந்தையை அது கடுமையாகத் தாக்கும். தலைவலியோடு எழுகிற காலைகளைக் ‘குளிர்’ என்று விடவேண்டாம். குளிரில் தாகம் தெரியாது என்பதும் கவனிக்க வேண்டியது. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் வரும். இரவில் வெளியே போகச் சோம்பி சிறுநீரை அடக்கினால் தொற்று வரலாம். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்து நாளுக்கு இரண்டரை லிட்டர் குடியுங்கள்.

அடிவயிற்று இழுப்புக்குக் காரணம் கருப்பையைத் தாங்கும் தசைநார்கள் நீள்வதுதான். கருப்பை பெரும்பாலும் வலப்பக்கம் சாய்வதால் அந்தப் பக்கம்தான் அதிகம் தெரியும். எழும்போது முதலில் ஒருக்களித்து, முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல், தும்மல் வரும்போது லேசாக முன்னால் குனியுங்கள். இழுப்பு சில நொடியில் போய்விட வேண்டும். விட்டுவிட்டு இறுகினாலோ, ரத்தமோ நீரோ பட்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அசைவு தெரியாதது இப்போதைக்குக் கவலை இல்லை. தலைப்பிரசவத்தில் 18 முதல் 22 வாரத்துக்குள் தெரியும், குமிழி உடைவது போலத்தான் தொடங்கும். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கமாக இருந்தால் இன்னும் தாமதமாகும். 24 வாரத்திலும் இல்லையென்றால் உடனே காட்டுங்கள். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுப்பது. இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே போங்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் பரிசோதனை வரும்: 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் சர்க்கரை. அந்த இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருங்கள். மேடேறி இறங்கினால் சர்க்கரை குறைவாகக் காட்டும்.

அழுகை பற்றி: மசக்கை தீர்ந்து உடம்பு தேறுகிற இந்த மாதங்களில் பலருக்கு மனமும் தெளியும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. புகுந்த வீடு, பனி மூடிய மதியம், பேச ஆளில்லாமை, பிரசவ பயம் எல்லாம் சேர்ந்து அழவைக்கும். அழுது முடித்ததும் லேசாக இருந்தால் அது நோய் இல்லை. ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே சோர்வைத் தரும் என்பதால் தைராய்டும் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் மனம் ஒட்டவில்லை, தூங்க நேரம் இருந்தும் தூக்கமில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் கணவரிடமும் டாக்டரிடமும் சொல்லியே ஆகவேண்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அம்மா வீட்டுக்குப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். பயணத்துக்குத் தோதான மாதங்கள் இவைதான். மூச்சுக்காகப் போகாதீர்கள், மனசுக்காகப் போங்கள். மேட்டுப்பாளையம் இறங்கினாலும் 9.8 ஏறாது, மாத்திரையும் கர்ப்பிணி அட்டையும் கூடவே வரவேண்டும். 14 கொண்டை ஊசி வளைவுக்கு முன் சீட்டில் உட்காருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறாதீர்கள், காரானால் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே தொடைமேல் இருக்கட்டும். பிரசவ தேதி ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால், மண்சரிவில் பாதை அடைபடுகிற காலம் அது. எந்தப் பக்கம் பிரசவம் என்பதை ஏழாம் மாத வளைகாப்புக்கு முன்பே முடிவு செய்துவிட்டு, அந்த ஊர் நர்ஸம்மாவிடம் பெயரைப் பதிந்து வையுங்கள்.